சோப்பு விளம்பரத்துப் பெரியம்மா

நான் சேர்ப்பதெல்லாம் நூறு வருஷத்துக் காகிதங்கள். படம் போட்ட அஞ்சலட்டை, தீப்பெட்டி லேபிள், எண்ணெய் விளம்பரம். உக்கடத்துப் பழைய பேப்பர் கடைகளில் குந்தி உட்கார்ந்து கிளறுவேன். எங்கள் குடும்பத்தில் முதலில் எழுத்துக் கூட்டியவன் நான். அதனாலோ என்னவோ, யாருக்கோ அச்சடித்ததுகூட எனக்கு வந்த மாதிரியே இருக்கும்.

அங்கே கிடைத்ததுதான் அந்தச் சோப்பு விளம்பரம். ஒரு இளம்பெண். மூக்குத்தி, தோளில் ஈரக்கூந்தல், யாரோ கூப்பிட்டுத் திரும்பிய பார்வை. கீழே சோப்பின் பெயர். ஓரமெல்லாம் செல்லரித்திருந்தது. கண்ணாடி போடச் சொல்லி சோமனூரில் ஒரு ஃபிரேம் கடையில் கொடுத்தேன்.

வாங்கப் போனால், எழுத்தையெல்லாம் மறைத்துப் பட்டை ஒட்டி, கண்ணாடிமேல் குங்குமப் பொட்டு வைத்து, உச்சியில் ஒரு சிவப்பு பல்பும் மாட்டியிருந்தார் கடைக்காரர்.

"பழைய படம்னா தவறுனவங்க படந்தானுங்க. சின்ன வயசுலயே போயிட்டாங்களாட்ட இருக்குது, பாவம். மாலைக்கு ஆணியும் அடிச்சுப்போட்டேனுங்க."

சிரித்துக்கொண்டேதான் வீட்டுக்கு எடுத்து வந்தேன். தறியை நிறுத்திவிட்டு வந்த அம்மா சிரிக்கவில்லை.

"எங்கக்காளாட்டவே இருக்குது கண்ணு."

அம்மாவின் அக்கா கல்யாணத்துக்கு முன்பே காய்ச்சலில் போனவர். ஒரு போட்டோ கிடையாது. அப்போது அம்மா சின்னப் பிள்ளை. முகமே மறந்துபோச்சு என்று எத்தனையோ தடவை அழுதிருக்கிறார்.

"அது சோப்பு வெளம்பரம்மா."

"இருக்கட்டும். அவ எந்தச் சோப்பைக் கண்டா? இப்பவாச்சும் குளிக்கட்டும்."

படம் சுவருக்குப் போனது. பல்பு எரிந்தது. அதன்பிறகு அம்மாவுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வர ஆரம்பித்தது. அக்காவுக்கு நீளக் கூந்தல். அக்காவுக்கு மூக்குத்தி.

"உங்கக்கா மூக்கே குத்துலைன்னு நீதான சொன்னே?" என்றார் அப்பா.

"அது அப்ப."

அப்பா சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. அந்தப் பெரியம்மாவைப் பற்றி அம்மாவிடம் மிச்சமிருந்த கொஞ்சத்தையும் என் காகிதம் தின்றுகொண்டிருந்தது. அமாவாசைக்கு இலை போட்டு, படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு அம்மா காக்காயைக் கூப்பிடும்போது, உண்மையான பெரியம்மா வாசலுக்கு வெளியே நிற்பதுபோலத் தோன்றும். அந்தச் சோறு யாருக்கு? விளம்பரத்துக்கு நின்ற அந்தப் பெண் எந்த ஊரோ. அவளுக்கு யாராவது இலை போட்டார்களா?

ஒரு நாள் வீட்டில் யாருமில்லாதபோது கழற்றப் போனேன். காலையில் அம்மா வைத்த பொட்டு இன்னும் ஈரமாக இருந்தது. கையை இழுத்துக்கொண்டேன். இதே விளம்பரம் இன்னொன்று கிடைத்தால், எழுத்தோடு, சோப்பின் பெயரோடு அம்மா கையில் கொடுத்துவிடலாம். அப்போதாவது அக்காவின் முகத்தை அவர் தனக்குள் தேடுவார். அப்படி நினைத்துத்தான் தேட ஆரம்பித்தேன்.

போன மாதம் கோயமுத்தூரில் ஒரு பழம்பொருள் கண்காட்சியில் அது அகப்பட்டது. செல்லரிக்காத பிரதி, சோப்பின் பெயர் பளிச்சென்று. வியாபாரி கட்டை விரலால் அந்தக் கன்னத்தைத் தேய்த்துக் காட்டினார்.

"காகிதம் எப்படி இருக்குது பாருங்க தம்பி. இவ அந்தக் காலத்துல எத்தனை கடையில தொங்குனவ தெரியுங்களா?"

"கையை எடுங்க."

"ஏனுங்க?"

"அவ இவன்னு பேசாதீங்க. எங்க பெரியம்மாங்க அது."

சொன்ன பிறகுதான் என் குரல் என் காதில் விழுந்தது. அவர் என்னையும் படத்தையும் மாறிமாறிப் பார்த்தார். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"தெரியாமச் சொல்லிப்போட்டேனுங்க," என்று படத்தைப் பதமாகக் கவிழ்த்து வைத்தார்.

வாங்காமலே வந்துவிட்டேன்.