ஓடைக்கரையில் இரண்டு பலா மரங்கள்

1. பெரட்டுக்களம்

அன்று காலை பெரட்டுக்களத்தில், அதாவது நாங்கள் வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்தில், இருந்தவர்கள் இவர்கள்: மேனேஜர், நடவு வேலைக்குக் கங்காணியான பேச்சியம்மாள், அவள் பிரிவுப் பெண்கள் பதினோரு பேர், ராத்திரிக் காவலுக்கு இருக்கும் மரியதாஸ், பகல் காவலுக்கு இருக்கும் நான். யாரும் சிரிக்கவில்லை.

ஆனி மாதம். இடுக்கியில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஏலத்தோட்டம் எங்களுடையது. முந்தின வாரம் நட்ட ஏலச்செடிகளில் நூற்று நாற்பது, கிழங்கோடு பெயர்ந்து கிடந்தன. மிச்சத்தில் பலவற்றின் குருத்து கடிபட்டிருந்தது.

மேனேஜர் மரியதாஸைப் பார்த்துக் கேட்டார். "ராத்திரி பன்னி வந்து கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுப் போயிருக்கு. நீ பந்தி பரிமாறிட்டு இருந்தியா?"

"முழிச்சுத்தான் சார் இருந்தேன். மேக்க சத்தம் கேட்டு அங்க போனேன். இது கெழக்க வந்திருக்கு."

"தூக்கத்துல திசை தெரியாது. இந்த வாரத்தோட நீ நிறுத்திக்கோ. வேற ஆள் பாக்கிறேன், கேட்டியா."

வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். மரியதாஸுக்கு வேறு வீடு கிடையாது. எப்போதும் எதிர்ப்பேச்சு பேசுகிறவன், அன்று தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றான். பேச்சியம்மாள் அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

2. சித்திரையில் நான் செய்தது

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எதற்கும் பயப்படுகிற சுபாவம். கேட்டைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன்.

சித்திரையில் மேனேஜர் ஓர் உத்தரவு போட்டார். தோட்டத்துக்குள் நிற்கும் பலா மரங்களில் காயைப் பிஞ்சிலேயே இறக்கிவிட வேண்டும். பழுத்தால் வாசத்துக்குப் பன்னி ஏலத்துக்குள் வரும். சரியான உத்தரவுதான். எட்டு மரத்தையும் இறக்கினோம்.

வேலிக்கு வெளியே, காட்டை ஒட்டிய ஓடைக்கரையில் இன்னும் இரண்டு மரம் இருந்தது. அவற்றைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் என்னை வாட்டியது. நாளைக்கு, "அதை ஏன் விட்டே?" என்று கேட்டுவிட்டால்? நானே அரிவாளோடு ஏறினேன்.

கீழே நின்று பேச்சியம்மாள் சொன்னாள்: "ஏண்ணே, இந்த ரெண்டையாவது விட்டு வைங்க. காட்டுல கெடக்கதும் திங்கணும்லா."

"பெறகு என்னையத்தான் கேப்பாக, தாயி."

"ஒங்கள யாரும் கேக்கல. நீங்களா கேட்டுக்கிடுதீக." சொல்லிவிட்டு, இறக்கிய பிஞ்சைச் சாக்கில் கட்டிக்கொண்டு போனாள். மூன்று நாள் லயம் முழுக்க இடிச்சக்கை, அதாவது பலாப்பிஞ்சுக் கூட்டுதான்.

அந்த மரத்தடியில் என்ன நடக்கும் என்பது தெரியாதவன் அல்ல நான். பன்னிரண்டு வருடமாகக் காலையில் அந்த வழியேதான் எல்லை நடக்கிறேன். வைகாசிக் கடைசியில் பழம் விழத் தொடங்கும். பன்னி மூக்காலும், வெளியே நீட்டிய தேற்றைப் பல்லாலும் பழத்தைப் பிளக்கும். சுளையையும் கொட்டையையும் தின்னும், தோலையும் சக்கையையும் விட்டுப் போகும். பிறகு மிளா வரும். பெரிய மான் அது. நான் பார்த்தவரை, முழுப் பழத்தை அது பிளந்ததில்லை; பன்னி விட்டதைத்தான் மென்றது. மழை பிடித்தபின் பன்னி சதுப்பில் கிழங்கு தோண்டும். கிளறிய மண்ணில் இளம்புல் முளைக்கும். அதை மேயவும் மான் வரும். குளிர்காலத்தில் நெல்லி மரத்தடியில் இரண்டையும் பார்க்கலாம், அடுத்தடுத்து. சண்டை பிடித்து ஒருநாளும் பார்த்ததில்லை. பலா தீர்வதற்குள் எங்கள் நாற்று வேர் பிடித்துவிடும்.

இவ்வளவு தெரிந்தும் வெட்டினேன். பயம் வந்தால் தெரிந்ததும் உதவாது.

3. தடம்

"சார், ஓடைக்கரை வரைக்கும் ஒரு எட்டு வாங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் தடவை சொன்னேன்.

எல்லாருமே வந்தார்கள். ஈர மண்ணில் தடம் நன்றாகப் பதிந்திருந்தது. பன்னித் தடத்தில் குளம்புக்குப் பின்னால், இரண்டு பக்கமும் விலகிச் சின்னதாக இரண்டு குழி விழும். மிளாத் தடம் நீளம், முனை கூர்மை. இரண்டும் அந்த இரண்டு மரத்தையும் சுற்றிச் சுற்றி வந்திருந்தன. தோல் இல்லை, சக்கை இல்லை. அங்கிருந்து பன்னித் தடம் நேரே வேலிக்குப் போய், கம்பிக்கு அடியில் மண்ணைப் பறித்து உள்ளே நுழைந்திருந்தது. அதன்மேல் மிளாவின் குளம்பு விழுந்திருந்தது. அது வேலியைத் தாண்டிக் குதித்துப் போய்க் குருத்தைக் கடித்திருக்கிறது.

"இங்க சாப்பாடு கிடைக்காமத்தான் சார் உள்ள வந்திருக்கு. இந்த ரெண்டு மரத்துப் பிஞ்சையும் இறக்கினது நான். மரியதாஸ் தூங்கல."

மேனேஜர் மரத்தை அண்ணாந்து பார்த்தார். "இதை இறக்கச் சொல்லி நான் சொன்னேனா?"

"இல்ல சார்."

"பின்ன?"

"ஏன் விட்டேன்னு நீங்க கேட்டிரக் கூடாதேன்னு."

"நான் கேப்பேன்னு பயந்து, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமலே செஞ்சிருக்க." மரியதாஸ் பக்கம் திரும்பினார். "மரியதாஸ், நீ டியூட்டிக்கு வா. செடியை இவன் நடட்டும். ஞாயித்துக்கிழமையில."

மூன்று ஞாயிற்றுக்கிழமை நட்டேன். முதல் ஞாயிறு மரியதாஸ் வரப்பில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே சொன்னான்: "அண்ணாச்சி, குழி ரொம்ப ஆழம். பன்னிக்கு மூக்கு வலிக்கப் போவுது." டீ தீர்ந்ததும் இறங்கி வந்து நாற்றை எடுத்துக் கொடுத்தான்.

4. இப்போது

அந்த இரண்டு மரத்துக்கும் மரியதாஸ் வெள்ளைச் சுண்ணாம்பில் வளையம் போட்டிருக்கிறான். வளையம் போட்ட மரத்தில் யாரும் ஏறக் கூடாது என்பது இப்போது மேனேஜரின் உத்தரவு. அதன்பின் பன்னியே உள்ளே வரவில்லை என்று சொல்ல மாட்டேன். காய் குறைந்த வருடம் வரத்தான் செய்தது. ஆனால் ஒரே ராத்திரியில் நூற்று நாற்பது செடி போகவில்லை.

காவல் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு தீனியை அப்புறப்படுத்தும் முன், அதை இதுவரை யார் தின்றார்கள், இல்லாவிட்டால் எங்கே போவார்கள் என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் வாயைத் திறந்து கேளுங்கள். திட்டு விழுந்தால் அரை நிமிஷம்தான்.

இந்த வைகாசியில் முதல் பழம் விழுந்த மறுநாள் போய்ப் பார்த்தேன். பன்னித் தடம், அதன்மேல் மிளாத் தடம், பிளந்த தோல். வேலிப் பக்கம் ஒரு தடமும் இல்லை. திரும்பிப் போய் இன்னொரு தடவை பார்த்தேன். மூன்றாவது தடவை போகவில்லை.