லிஃப்ட்காரரும் லிஃப்ட் கேள்வியும்

பதினான்கு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவருக்கு முழங்கால் ஜவ்வு கிழிந்தது. ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர், "இனி ஏணி ஏறுறதை மறந்துடுங்க" என்று சொல்லிவிட்டார். சும்மா உட்கார்ந்து சுவரை வெறிப்பதற்கு இது தேவலை என்று மனைவி அவரை ஒரு புரோகிராமிங் வகுப்பில் சேர்த்துவிட்டாள். நாற்பத்திரண்டு வயதில் அவர்தான் அங்கே மூத்தவர். பாடம் நடத்தியவரே அவரை 'அண்ணே' என்றுதான் கூப்பிட்டார்.

எட்டு மாதத்தில் வேலை ஓரளவு கைவந்தது. இன்டர்வியூவுக்குத்தான் பயந்தார். துணி மடித்துக்கொண்டே மனைவி கேள்வி கேட்பாள், அவர் ஒப்பிப்பார்.

"அப்ஸ்ட்ராக்‌ஷன்னா?"

"தேவையானதை மட்டும் காட்டி, மத்ததை மறைச்சு வைக்கிறது."

"புத்தகத்துல இருக்கிறபடியேதான் சொல்றீங்க. ஆனா புரிஞ்சு சொல்ற மாதிரி தெரியலையே."

அவருக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

முதல் இன்டர்வியூவில் ஒரு பெண் அதிகாரி மார்க்கர் பேனாவை நீட்டினார். "ஒரு கட்டடத்துல நாலு லிஃப்ட். பட்டனை அழுத்தினா எதை அனுப்பறதுன்னு தீர்மானிக்கிற புரோகிராமுக்கு என்னென்ன கிளாஸ் வேணும்னு எழுதுங்க. நாப்பது நிமிஷம்."

கிளாஸ் என்றால் புரோகிராமில் ஒரு பொருளுக்கு எழுதிவைக்கும் வார்ப்பு. லிஃப்ட்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கதவு, கதவின் சென்சார், பிரேக், கம்பி வடம், எடைக்கல், கரண்ட் போனால் என்ன, தீப்பிடித்தால் என்ன என்று பலகை நிறைய எழுதித் தள்ளினார். நேரம் முடிந்தபோது புரோகிராமாக ஓடக்கூடிய வரி ஒன்றுகூட இல்லை.

"லிஃப்ட் உங்களுக்கு நல்லாத் தெரியுது சார்" என்றார் அந்த அதிகாரி. "பட்டனை அழுத்தினா நாலுல எது வரணும்? நான் கேட்டது அவ்வளவுதான்."

வீட்டில் விஷயத்தைச் சொன்னார். மனைவி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை அதே கணக்கைத் தாளில் போட்டு, வேண்டாததை ஒவ்வொன்றாக அடித்தார். வடம் போனது. எடைக்கல் போனது. பிரேக்கை அடிக்கத்தான் கை வரவில்லை. ஒன்பதாவது மாடியில் தொங்கிக்கொண்டு அதைச் சரிசெய்தவர் அவர். கடைசியில் அதையும் அடித்தார். மிஞ்சியது மூன்று: லிஃப்ட், அழைப்பு, எதை அனுப்புவது என்று தீர்மானிக்கும் ஒன்று. காலை நெரிசலில் அது ஒரு விதமாகத் தீர்மானிக்கும், மதியம் வேறு விதமாக. கேள்வி மாறாது, பதில் மட்டும் மாறும். ஓ, வகுப்பில் படித்த பாலிமார்ஃபிசம் என்று இதைத்தான் சொல்கிறார்களா என்று அப்போதுதான் உறைத்தது.

மூன்றாவது கம்பெனியில் கார் நிறுத்துமிடத்தைப் பற்றிக் கேட்டார்கள். நான்கு கிளாஸ் எழுதிவிட்டுப் பேனாவை மூடினார்.

"வண்டியோட கலர் வேண்டாமா?"

"இந்த வேலைக்கு அது தேவைப்படலைங்க. தேவைப்பட்டா அப்புறம் சேத்துக்கலாம்."

வேலை கிடைத்தது. அவருடைய டீம் லீடருக்கு வயது இருபத்தாறு. முதல் வருடம் முழுக்க, யாரோ எழுதிவைத்துவிட்டுப் போன புரோகிராமில் பிழை பார்ப்பதே அவர் வேலையாக இருந்தது. அதில் அவருக்குக் குறை ஒன்றும் இல்லை.