வேண்டாவின் இரட்டைச் சீட்டு

மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்துவிட்டது என்று வீட்டில் ‘வேண்டா’ என்றே பெயர் வைத்தார்கள். அந்த வேண்டா சீட்டு எழுதாமல் இன்றைக்கு ஜானகிராமன் டிராவல்ஸில் ஒரு வண்டி ஏர்போர்ட்டுக்குக் கிளம்பாது. இதைச் சொல்வது டிரைவர் பார்த்திபன். சாமி ஊர்வலத்திலேயே குறை கண்டுபிடிக்கிற மனுஷன் அவர். அவர் வாயாலேயே இது வருகிறதென்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஷட்டர் கடை, ஒரு மேஜை, நாலு வண்டி. டிராவல்ஸ் என்றால் அவ்வளவுதான். வேடந்தாங்கல் பக்கத்துக் கிராமத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த வேண்டா பத்தாவது வரை படித்தவள். வெளிநாட்டுக்காரர்கள் அனுப்பும் ஆங்கிலச் செய்தியைப் படித்து, எந்த நாள், எத்தனை மணிக்கு வண்டி என்று டிரைவருக்குத் தமிழில் சீட்டு எழுதிக் கொடுப்பது அவள் வேலை.

நாலு வருஷத்துக்கு முன்னால், ஒரு மார்கழி மாதத்தில் அந்தக் கூத்து நடந்தது. நார்வே நாட்டிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருந்த இங்க்ரிட் என்ற அம்மாள், ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்றரைக்கு வண்டி வேண்டும் என்று செய்தி அனுப்பியிருந்தாள். ஊரில் அவளுடைய தாயாருக்கு மிகவும் முடியவில்லை, உடனே போயாக வேண்டும். நமக்கோ பொழுது விடிந்தால்தான் நாள் பிறக்கும். விடிகிற வரைக்கும் முந்தின நாள் ராத்திரிதான். காலை ஒன்றரையாவது மண்ணாவது! வேண்டா ‘ஞாயிறு ராத்திரி 1.30’ என்று எழுதினாள். பார்த்திபனும் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சனிக்கிழமை ராத்திரி குறட்டை விட்டுத் தூங்கினார்.

ஞாயிறு காலை ஆறரைக்கு வேண்டா ஷட்டரைத் திறக்க வந்தபோது, வாசலில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள் இங்க்ரிட். விமானம் நாலரைக்கே போய்விட்டது. பார்த்திபனை எழுப்பி, அதே கோலத்தில் வண்டியில் ஏறி, இங்க்ரிட்டோடு ஏர்போர்ட் போனாள். வேறு விமானத்தில் இடம் கிடைக்கச் சாயங்காலம் ஆயிற்று. அதுவரை வாசலில் ஒரு பெஞ்சில் அந்த அம்மாள் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பேசப் பாஷை போதவில்லை. நடுவில் ஒரு காபி வாங்கி வந்து ஆளுக்குப் பாதி குடித்தார்கள்.

இங்க்ரிட் போய்விட்டாள். தாயை உயிரோடு பார்த்தாளா? அந்த ஒரு கேள்வி வேண்டாவை விடவேயில்லை. செய்தி அனுப்பிக் கேட்கலாம். என்னவென்று பதில் வருமோ என்ற பயத்தில் கை வரவில்லை.

அதன் பிறகுதான் வெறி பிடித்தாற்போல் படித்தாள். வருகிற வெள்ளைக்காரர்களை எல்லாம் பிடித்து வைத்துக் கேட்டாள். மணிக்கு ‘அட்’, கிழமைக்கு ‘ஆன்’. காலைக்கும் மாலைக்கும் ‘இன்’, ராத்திரிக்கும் நண்பகலுக்கும் மட்டும் ‘அட்’. ஏன் அப்படி என்று கேட்டால் அவர்களே முழித்தார்கள். பன்னிரண்டு தாண்டினால் அவர்களுக்குக் கிழமை மாறிவிடும், ஒரு மணியும் இரண்டு மணியும் காலைதான் என்பதைக் கல்லில் பொறித்த மாதிரி மனத்தில் ஏற்றிக்கொண்டாள். டிரைவர்களுக்கோ பழைய கணக்குதான். அதற்காக ஒவ்வொரு சீட்டிலும் இரண்டு வரி எழுதினாள். மேலே அவர்கள் நாள், கீழே நம்ம நாள். ‘சனி காலை 1.00. வெள்ளி ராத்திரி சாப்பிட்டுக் கிளம்பவும்.’ முதலில் சிரித்தவர் பார்த்திபன்தான். “இன்னாம்மா இது, ஒரு சவாரிக்கு ரெண்டு நாளா?” என்பார். ஒரு வண்டிகூடத் தவறவில்லை என்றானதும் அந்தச் சிரிப்பு நின்றுபோயிற்று.

போன தை மாதம், ஒரு புதன்கிழமை, இங்க்ரிட்டிடமிருந்தே செய்தி வந்தது. சனிக்கிழமை காலை இரண்டு நாற்பதுக்கு வந்து இறங்குகிறேன், வண்டி அனுப்புங்கள். அவ்வளவுதான். வேண்டாவின் முகம் வெளுத்ததைப் பார்த்து முதலாளி ஜானகிராமன் சீட்டுப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“இத நீ தொடாத. ஒரு தபா பட்டது போதும். நானே எழுதறேன்” என்று ‘சனி ராத்திரி 2.40’ என்று எழுதிப் பார்த்திபனிடம் நீட்டினார்.

வேண்டா எழுந்து அந்தச் சீட்டை வாங்கிக் கிழித்தாள். முதலாளி முகத்துக்கு நேராக!

“நைனா, இதே தப்பத்தான் அன்னிக்கு நான் செஞ்சேன். அது வெள்ளி ராத்திரி. வெள்ளி ராத்திரி போவணும். நானும் போறேன்.”

“தப்பாப் போச்சுன்னா?”

“தப்பாப் போச்சுன்னா மறுநாள்லேர்ந்து நான் வேலைக்கு வரல.”

வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கே வண்டியில் ஏறிவிட்டாள். “ரெண்டு நாப்பதுக்கு இப்பவே இன்னாத்துக்கு?” என்று கேட்டுக்கொண்டே பார்த்திபன் வண்டியை எடுத்தார். நெம்மேலி தாண்டும்போது, “பார்த்திருப்பாங்களா அண்ணாத்த?” என்றாள். யாரை என்று அவர் கேட்கவில்லை.

மூன்றே காலுக்கு இங்க்ரிட் வெளியே வந்தாள். தலை நன்றாக நரைத்திருந்தது. வேண்டா தூக்கிப் பிடித்திருந்த அட்டையில் இங்க்ரிட்டின் பெயர் இருந்தது. கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி: ‘உங்களுக்குச் சனி காலை. எங்களுக்கு வெள்ளி ராத்திரி.’ அதைப் படித்த இங்க்ரிட் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு வந்து வேண்டாவைக் கட்டிக்கொண்டாள்.

வேண்டா விலகி நின்று, ஆங்கிலத்தில், ஒரு தடுமாற்றமும் இல்லாமல் கேட்டாள்: “உங்கள் அம்மாவைப் பார்த்தீர்களா?”

இங்க்ரிட் தலையை ஆட்டினாள். இல்லை. “இதை எழுத மனம் வரவில்லை, நேரில் சொல்லத்தான் வந்தேன். அம்மா போனது அந்த ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் ஊரில் ஏழு மணிக்கு.”

பார்த்திபன் வேண்டாவையே பார்த்துக்கொண்டிருந்தார். கணக்குப் போட அவள் விரல் மடக்கவில்லை, போனை எடுக்கவில்லை. கண்ணிமைக்கிற நேரம்தான்.

“ஏழுன்னா நமக்குப் பதினொன்றரை” என்று தமிழில் முணுமுணுத்தாள். “அந்த நாலரை விமானத்துல போயிருந்தாலும் அப்ப ஆகாசத்துலதான் இருந்திருப்பாங்க. போய்ச் சேந்திருக்கவே முடியாது, அண்ணாத்த.” பிறகு இங்க்ரிட் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில், “அந்த நேரம் நாம் காபி குடித்துக்கொண்டிருந்தோம்” என்றாள்.

“ஆமாம். அந்த விமானத்தில் போயிருந்தால் யாரோ இரண்டு பேருக்கு நடுவில் இருந்திருப்பேன். என் கை உன் கையில் இருந்தது.”

வேண்டா அங்கேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். நாலு வருஷத்து அழுகை. அம்மாடி, எப்பேர்ப்பட்ட பொம்பளை இவள் என்று பார்த்திபனுக்குத் தோன்றியது. அப்புறம் போய் ஒரு காபி வாங்கிக்கொண்டு, கூடவே ஒரு காலி டம்ளரும் கேட்டு வாங்கி வந்தார்.