திரையில் நடுங்காத கை

அறுவை சிகிச்சை ரோபோ விற்பது என் வேலை. காரைக்கால் கோவில்பத்தில் நான் குடியிருக்கும் வீட்டு ஓனரம்மாவுக்கு இதை எத்தனை விதமாக விளக்கியும் பயனில்லை. அவரைப் பொறுத்தவரை நான் ஏதோ மிக்ஸி கம்பெனியில் இருக்கிறேன்.

காரைக்காலில் யாரும் ஆஸ்பத்திரி கட்டடத்தைப் பார்த்துப் போவதில்லை. டாக்டரின் கையைப் பார்த்துப் போகிறார்கள். 'அவருக்குக் கைராசி' என்று பெயர் வந்துவிட்டால் போதும், காரைக்கால்மேட்டிலிருந்து ஆட்டோ பிடித்து வந்து காத்துக் கிடப்பார்கள். அப்படிப் பெயர் எடுத்த ஒரு பெரிய டாக்டரின் ஆஸ்பத்திரிக்குத்தான் நான் நெடுநாளாக அலைந்துகொண்டிருந்தேன். முதல் சந்திப்பில், "சார், உங்க கையே பேஷண்ட் மேல படாது" என்று சென்னையில் சொல்லிப் பழகிய வசனத்தை அங்கேயும் எடுத்துவிட்டேன். பக்கத்தில் நின்ற நர்ஸம்மா என்னைப் பார்த்த பார்வையைப் பார்த்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அந்த டாக்டரே ஒருநாள் போன் செய்து, மெஷினைக் கொண்டுவந்து காட்டச் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அதே வாரத்தில்தான் நெடுங்காட்டில் விவசாயம் பார்க்கும் என் அப்பா, குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொள்ளச் சம்மதித்திருந்தார். பெரிய டாக்டர் கை வைத்தால்தான் உண்டு என்பது அவருடைய ஒரே நிபந்தனை. நான் மெஷினைக் காட்டிய அன்று அப்பா மாடி வார்டில் படுத்திருந்தார். மறுநாள் காலை அவருக்கு ஆபரேஷன்.

எங்கள் மெஷினில் டாக்டர் தள்ளி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, பிடிகளில் விரல்களை நுழைத்து அசைப்பார். மேஜைமேல் உள்ள இரும்புக் கைகள் அதைச் சின்னதாகச் செய்யும். அன்று தைக்கக் கொடுத்தது ஒரு கோழித்துண்டு. ஹாலில் இருந்த எல்லோரும் பெரிய டிவி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிடிகளைச் சரிசெய்து கொடுப்பதற்காக நான் மட்டும் டாக்டரை ஒட்டி நின்றேன். அதனால் அவர் கைகளைப் பார்த்தேன்.

அவை நடுங்கின. புது மெஷினைத் தொடும் பதற்றம் இல்லை அது. ஒரு டம்ளர் காப்பியைக் கொடுத்தால் பாதி சட்டையில் கொட்டிவிடும், அப்படியொரு நடுக்கம். திரையில் ஊசி துளிகூட ஆடவில்லை. கையின் நடுக்கத்தை மெஷின் சலித்து எடுத்துவிடும். ஊர் ஊராக நான் பெருமையடித்துக்கொண்ட விஷயமே அதுதான். அன்று அதைப் பார்த்தபோது மாடியில் படுத்திருக்கும் அப்பாதான் நினைவுக்கு வந்தார். தையல் முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். 'முடிஞ்சுதா?' என்று மேனேஜர் சென்னையிலிருந்து செய்தி அனுப்பியிருந்தார்.

டாக்டர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"பாத்துட்டல்ல?"

"பாத்தேன் சார்."

"கொஞ்ச நாளாவே இருக்கு. மருமவளுக்குக்கூடத் தெரியாது." அவருடைய மருமகளும் அதே ஆஸ்பத்திரியில் சர்ஜன். "மெஷின எடுத்துக்குறேம்மா. எப்ப வரும்?"

எந்த வார்த்தைக்காக அலைந்தேனோ அந்த வார்த்தை. தலையாட்டிவிட்டு எழுந்து வந்திருக்கலாம்.

"மாசக்கணக்குல ஆவும் சார். ட்ரெய்னிங் வேற இருக்கு. அதுவரைக்கும் என்ன பண்ணுவீங்க?"

"பெருசா எதையும் தொடுறதில்ல. ஹெர்னியா மாதிரி சின்ன கேஸுதான்."

"நாளைக்குக் காலையில நீங்க பாக்கப்போற சின்ன கேஸு எங்கப்பா சார்."

அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. முகம் சிவந்துவிட்டது. "சாமான் விக்க வந்தவ நீ. எனக்குப் புத்தி சொல்றியா?"

எனக்கு ஆத்திரம் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. "மெஷின் வாங்காட்டியும் பரவால்ல சார். நாளைக்குக் கத்தியத் தொடாதீங்க."

"வெளிய போம்மா."

மாடிக்கு ஓடினேன். வேறு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றதும் அப்பா சிரித்தார். "ஒனக்கு என்ன பாப்பா கிறுக்கா? இவரு கைய விட்டுட்டு எவன்கிட்ட போறது?" ஏன் என்று கேட்டார். சொன்னால் ஒரு பெரிய மனிதரின் பெயர் அன்றைக்கே ஊர் முழுக்க நாறும். சொல்லாவிட்டால் அப்பாவின் வயிறு. சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தபோது டாக்டர் உள்ளே வந்தார். பின்னால் அவர் மருமகள். அவள் கண்கள் கலங்கியிருந்தன.

டாக்டர் தன் வலது கையை அப்பாவுக்கு முன்னால் நீட்டினார்.

"இதப் பாருங்க. நடுங்குது. நாளைக்கு எம் மருமவதான் பண்ணுவா. இஷ்டம் இல்லன்னா சொல்லிடுங்க, நானே தஞ்சாவூருக்கு ஏற்பாடு பண்ணித் தர்றேன்."

அப்பா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் கட்டிலில் நகர்ந்து இடம் விட்டார். "உக்காருங்க டாக்டரய்யா. அந்தப் பொண்ணே அறுக்கட்டும். ஆனா நீங்க எம் பக்கத்துல நிக்கணும்."

மறுநாள் தியேட்டர் வாசலில் போனை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஆர்டர் கைவிட்டுப் போய்விட்டது என்று தெரியும். வருத்தமே இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் கதவு ஒவ்வொரு முறை அசைந்தபோதும் எனக்கு அப்பாவைத் தவிர வேறு நினைப்பே வரவில்லை. பிடிவாதம் பிடித்து அவரைத் தஞ்சாவூருக்குக் கூட்டிப் போயிருக்க வேண்டுமோ என்று மனது அடித்துக்கொண்டே இருந்தது.

இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக ஊசி போட்டிருந்ததால் அப்பா முழித்துக்கொண்டேதான் வெளியே வந்தார். நல்லபடியாக முடிந்தது என்றாள் மருமகள். டாக்டர் எங்களைத் திரும்பிப் பார்க்காமல் தன் அறையை நோக்கி நடந்தார்.

அப்பா என்னைப் பக்கத்தில் குனியச் சொன்னார்.

"பாவம் பாப்பா, நெசமாவே நடுங்குது. முடியிற வரைக்கும் நான் அவரு கைய விடவே இல்ல."