சிவப்புப் புள்ளி வைத்தவர்

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ரேடியோக் கடை வைத்திருந்தவரின் பெயரை நான் கேட்டதேயில்லை. ஒல்லியான மனிதர். மூக்குக்கண்ணாடியின் உடைந்த காம்பை நூலால் கட்டியிருப்பார். எந்த ரேடியோவையும் சத்தத்தைக் குறைத்து, காதில் வைத்துத்தான் சோதிப்பார்.

எண்பத்திரண்டில் துபாய்க்குக் கிளம்புமுன், அங்கேயும் தமிழ் கேட்க ஒரு ரேடியோ வேண்டும் என்று போனேன். பளபளவென்றிருந்த பெரிய செட்டைக் காட்டினேன்.

“அது வேணாங்க. ஒரே ரூம்ல பத்து பேரு படுப்பீங்க, தூங்குறவன் திட்டுவான். இது சின்னதுதான், ஆனா தூரத்து ஸ்டேஷனை இழுக்கும்” என்று விலை குறைந்த ஒன்றை எடுத்தார்.

பிறகு ரேடியோவின் அலைவரிசைப் பட்டையில் தமிழ் ஒலிபரப்பு வரும் இடத்தில், முள்ளுக்கு நேராக, நகப்பாலிஷால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தார்.

“அங்க போயி திருப்பித் திருப்பித் தேடாதீங்க. சாயங்காலம் முள்ளை இங்க கொண்டாந்து நிறுத்துங்க, நம்மூரு பேசும்.”

பேசியது. முதல் மாதத்தை நான் தாண்டியது அந்தப் புள்ளியால்தான்.

இரண்டு வருடம் கழித்து, வேறொரு தொழிலாளர் கேம்ப்பில், முன்பின் தெரியாத ஒருவரின் ரேடியோவில் அதே இடத்தில் அதே சிவப்புப் புள்ளி இருந்தது. எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை.

“கண்ணாடில நூல் கட்டியிருப்பாரே, அவருகிட்ட வாங்கினதா?” என்றேன்.

அந்த ஆள் நகர்ந்து, கட்டிலில் எனக்கு இடம் விட்டார்.