எஸ்டிடி பூத்தில் பழகிய ஒற்றைக் கை வெட்டு

டெலிபோன் ரிசீவருக்கு ஒரு வாசனை உண்டு, ஞாபகம் இருக்கிறதா? ஊரே வாய் வைத்துப் பேசியதில் பவுடர், வெற்றிலை, காபி எல்லாம் கலந்த வாசனை...

ஏற்காடு பஜாரில் எங்கள் அத்தாவின் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஃபேன்சி ஸ்டோரை ஒட்டி, கண்ணாடிக் கதவு போட்ட எஸ்டிடி பூத் ஒன்று இருந்தது. பிளஸ் டூ முடித்த கையோடு அதற்கு நான்தான் மகாராணி.

கோடை விழா சமயம். மேடையில் மேஜிக் காட்ட சேலத்திலிருந்து வந்திருந்த ஒருவர் வீட்டுக்குப் பேச பூத்துக்கு வந்தார். லைன் கிடைக்கவில்லை. காத்திருந்த நேரத்தில் சீட்டுக்கட்டை எடுத்தார். இடது கையால் மட்டும் அதை இரண்டாகப் பிரித்து, கீழ்ப்பாதியை மேலே ஏற்றி, பழையபடி மூடினார். வலது கை பேன்ட் பாக்கெட்டில் சும்மா இருந்தது. இதற்கு ஒற்றைக் கை வெட்டு என்று பேராம்.

“இன்னொரு வாட்டி மெதுவா காட்டுங்க சார்,” என்றேன்.

காட்டினார். சீட்டுக்கட்டு விரல் நுனியில் நிற்க வேண்டும். கட்டை விரலைத் துளி தளர்த்தினால் கீழ்ப்பாதி உள்ளங்கையில் விழும். ஆள்காட்டி விரல் அதை அடியிலிருந்து நெட்டி நிமிர்த்தும்போது மேல்பாதி கீழே சரியும். சொல்வதற்கு அவ்வளவுதான்...

“ஆடியில சேலம் பொருட்காட்சியில ஷோ போடறேன். ரெண்டா அறுக்கற பொட்டிக்குள்ள படுக்க ஒரு பொண்ணு வேணும். வர்றியாம்மா?”

எனக்குச் சுருக்கென்றது. “படுக்கறதுக்கு யாராச்சும் கிடைப்பாங்க சார். நான் இந்த வெட்டைச் செஞ்சு காட்டினா, தனியா மேடை தருவீங்களா?”

“கீழ விடாம செஞ்சு காட்டு. அஞ்சு நிமிஷம் மேடை உன்னுது,” என்று சிரித்தார். பழைய சீட்டுக்கட்டு ஒன்றைக் கவுன்டரில் வைத்துவிட்டுப் போனார்.

அத்தாவுக்குச் சீட்டென்றாலே ஆகாது. சொந்தத்தில் ஒருவர் சூதாடிக் கடையையே தொலைத்தவர். அதிலிருந்து எங்கள் வீட்டு வாசலைச் சீட்டு தாண்டியதில்லை. நான் எதையும் மறைக்கவில்லை, ஆசையை நேராகச் சொல்லிவிட்டேன். அத்தா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விட்டார். அப்புறம் ஒரு நாள் அவராகவே ஆரம்பித்தார்.

“பொட்டிக்குள்ள படுக்கற வேலைக்கு நான் அனுப்ப மாட்டேன் கண்ணு. நீயே தனியா நின்னு காட்டறதுன்னா, நானே கூட்டிட்டுப் போறேன். இல்லீன்னா இந்தப் பேச்சை இத்தோட உட்டரோணும்.”

“செரிங்கத்தா.”

சீசன் முடிந்து சாரலும் பனிமூட்டமும் இறங்கின. தீக்குச்சி பற்றாது, பொரித்த அப்பளம் தட்டுக்கு வருவதற்குள் நமுத்துவிடும். பூத்தில் ஈ ஓட்டிக்கொண்டு நான் சீட்டை வெட்டிக்கொண்டிருந்தேன். என் விரல்கள் வேறு குட்டை. விழும், எடுப்பேன், விழும்...

ஒரு நாள் கீழ்ப்பாதி நிமிர்ந்தது, மேல்பாதி சரிந்தது, கச்சிதமாக மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு தவறவே இல்லை. வலது கையால் பில் கிழித்துக்கொண்டே இடது கையால் வெட்டுவேன். செம்மநத்தம் ஜீப் டிரைவர் ஒருவர் போன் பேச வந்து, என் கையைப் பார்த்துக்கொண்டே நம்பரை மறந்துவிட்டார். எனக்குத் திமிர் நன்றாகவே ஏறியிருந்தது. உழைத்து வாங்கிய திமிர், தப்பில்லை.

ஆடியில் அத்தாவும் நானும் பஸ் ஏறினோம். அடிவாரம் வந்ததுமே ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டியிருந்தது. பொருட்காட்சியில் மேஜிக் ஷோவுக்குத் தகரக் கொட்டகை. உள்ளே அனல்.

“எங்க, காட்டு,” என்றார் மேஜிக்காரர்.

கட்டை விரலைத் தளர்த்தினேன். அத்தனை சீட்டும் சறுக்கித் தரையில் சிதறின. மறுபடி செய்தேன். மறுபடியும் தரை.

“செரி உடும்மா. பொட்டி வேலைன்னா சொல்லு,” என்று அவர் திரும்பினார். அத்தா பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

நான் ஒரு சீட்டை எடுத்துத் தடவிப் பார்த்தேன். மொரமொரவென்று இருந்தது. மலையில் இதே சீட்டுகள் ஈரத்தில் ஊறி, ஒன்றோடொன்று ஒட்டி, பாதிக்கட்டு செங்கல் மாதிரி சேர்ந்தே நகரும். ஆக, இத்தனை நாள் பாதி வேலையைப் பனி பார்த்திருக்கிறது! எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கை சரியாகத்தான் இருந்தது, பிடியை மட்டும் மாற்ற வேண்டும்.

“சாயந்திர ஷோ வரைக்கும் டைம் குடுங்க சார். செஞ்சுருவேன்.”

“நொம்ப தைரியம்தான் உனக்கு,” என்றார். ஆனால் கொடுத்தார்.

கொட்டகைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். சுண்டு விரலைக் கட்டின் முனையில் வளைத்து, சீட்டு சறுக்காமல் தடுத்துப் பார்த்தேன். விழுந்தது. இன்னும் கொஞ்சம் வளைத்தேன். விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன்... நான் ஒரு தடவைகூடக் குனியவில்லை.

கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அத்தா மண்ணில் முட்டி போட்டுப் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஆயுசில் சீட்டைத் தொடாத மனுஷன். ஒவ்வொன்றாக மண்ணை ஊதி, அடுக்கி, என் கையில் வைத்தார்.

“அத்தா, நீங்க எதுக்குங்க...”

“நீ கையைப் பாரு சாமி. கீழ உழுவறத நான் பாத்துக்கறேன்.”

அன்று சாயந்திரம் ஒரு சீட்டும் விழவில்லை. அஞ்சு நிமிஷமும் என்னுடையதாக இருந்தது.

இப்போது எனக்கு ஏசி ஹாலில் ஷோ. கையில் பிளாஸ்டிக் சீட்டு... அதற்குப் பனியும் ஒன்றுதான், வெயிலும் ஒன்றுதான். இந்தக் காலத்துப் பிள்ளைகள் போனில் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து இந்த வெட்டைச் சீக்கிரமே பழகிவிடுகிறார்கள். சந்தோஷம்தான். நானும் புதுசு புதுசாக ஏதாவது பழகிக்கொண்டுதான் இருக்கிறேன், பழகும்போது இன்னமும் கீழே கொட்டுகிறேன்.

அத்தா போய் வருஷங்கள் ஆகிவிட்டன. விழுந்த சீட்டு, நான் குனிந்து எடுக்கும் வரைக்கும் அங்கேயே கிடக்கிறது.