சிஸ்டருக்கும் ரிலீவர் உண்டு

தொழிற்சாலை முதலுதவி அறைக்குத் தலைவலி என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மாத்திரை தேவையில்லை. ஐந்து நிமிடம் உட்கார ஒரு நாற்காலி போதும். என்னைப் போல இப்படியொரு அறையில் நர்ஸாகக் குப்பை கொட்டியவர்களுக்கு இது தெரியும். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஓரிடத்தில் நான் ஒன்பது வருஷம் கொட்டினேன்.

ஸ்ட்ரெச்சருக்குப் பொட்டு

ஆயுத பூஜை வந்தால் எங்கள் ஆட்கள் ஒரு மிஷினையும் விட மாட்டார்கள். ஒரு வருஷம் சந்தனக் கிண்ணத்தோடு என் அறைக்குள்ளும் நுழைந்து, எடை மிஷின், ஸ்ட்ரெச்சர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார்கள். எனக்கோ சாமி, பூஜை எதிலும் நம்பிக்கை கிடையாது. யார் துடைப்பது என்ற எரிச்சல்தான். "ஸ்ட்ரெச்சருக்கு எதுக்குப் பூஜை?" என்றேன். அசெம்பிளி லைனில் வேலை செய்யும் சங்கரன்கோவில் பக்கத்துப் பெண் முத்துச்செல்வி, குங்குமம் வைத்தபடியே சொன்னாள்:

"மத்த மிஷின் எல்லாம் நல்லா ஓடணும்னு கும்பிடுதோம் சிஸ்டர். இது மட்டும் ஓடவே கூடாதுன்னு கும்பிடுதோம்."

மறைத்த கட்டி

அடுத்த வருஷம் என் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. 'சின்னதா இருக்கும்போதே டாக்டர்கிட்ட காட்டணும்' என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவள், மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை. பயம்தான். என் மகளுக்கு அப்போது ஏழு வயது.

அறையைப் பெருக்கித் துடைக்கும் ரோஸ்லின் அக்கா தண்டலம் பக்கத்துக்காரர். நான் திரைக்குப் பின்னால் நின்று கட்டியைத் தடவிக்கொண்டிருந்ததை ஒருநாள் பார்த்துவிட்டார். துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு என் கைப்பையை எடுத்து நீட்டினார்.

"எங்களாண்ட மட்டும் இன்னா வாய் பேசுவீங்க. கெளம்புங்க, நானும் வரேன்."

லைன் நிற்காது

பரிசோதனையில் புற்றுநோய் என்றே வந்தது. ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். சொல்லிக்கொண்டு போகலாம் என்று லைனுக்குப் போனேன். ரோஸ்லின் அக்கா மூலம் விஷயம் தெரிந்து, முத்துச்செல்வி தினமும் ஷிப்டுக்கு முன்னால் எனக்காகக் குன்றத்தூர் முருகன் கோயில் மலை ஏறுகிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. எட்டு மணி நேரம் நின்றே வேலை பார்க்கிற கால்கள் அவை. ரோஸ்லின் அக்காவும் தன் சர்ச்சில் என் பெயரைச் சொல்லி ஜெபிக்க வைத்திருந்தார். ஆனாலும் வீம்பு விடவில்லை. "சாமிகிட்ட நானே கேக்காததை நீங்க கேட்டா ஆகுமா?" என்றேன்.

எங்கள் லைனில் ஒருத்தி தண்ணீர் குடிக்கப் போனாலும் வேலை நிற்காது. அவள் திரும்பும்வரை அவள் இடத்தில் இன்னொருத்தி வந்து நிற்பாள். அவளுக்கு ரிலீவர் என்று பெயர். முத்துச்செல்வி அதைத்தான் சொன்னாள்:

"நீங்க வார வரைக்கும் நாங்க ரிலீவரா நிக்கோம் சிஸ்டர். லைன் நிக்கக் கூடாதுல்லா."

யார் சாமி

ஆபரேஷனுக்குப் பிறகு கீமோ. முடி கொட்டி, குடித்த தண்ணீரும் வாந்தியாகி, செத்தால் தேவலை என்றிருந்த நாட்களில், ஒருத்தி எனக்காகப் படியேறிக்கொண்டிருக்கிறாள் என்ற நினைப்புதான் என்னைப் பிடித்து வைத்தது. ஒரு காலையில் என்னையறியாமல் நானே கேட்டுவிட்டேன், 'என் பொண்ணை வளக்கிற வரைக்கும் விட்டு வை' என்று. கேட்ட பிறகுதான், யாரிடம் கேட்டோம் என்று யோசித்தேன். அதைக் காதில் வாங்கிக்கொள்ள ஒருவர் இருக்கிறார் என்பதில் அதன்பின் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

எட்டு மாதம் கழித்து, தலையில் துணி கட்டிக்கொண்டு வேலைக்குத் திரும்பினேன். முதல் நாளே ஒருவர் விரலில் வெட்டுப்பட்டு, நடுங்கிக்கொண்டு வந்தார். "கையை மேலே தூக்குங்க. சாமி பாத்துக்கும்" என்றபடி கட்டுப் போட்டு, தையலுக்கு அனுப்பி வைத்தேன். தரையில் சிந்திய ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்த ரோஸ்லின் அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"யாரு சாமி சிஸ்டர், எங்க சாமியா, அந்தப் பொண்ணோட சாமியா?"

இன்றுவரை நான் விசாரிக்கவில்லை. பிழைத்து வந்தவள் அதையெல்லாம் துருவிக்கொண்டிருந்தால் நன்றாகவா இருக்கும்?